தனக்கே எதிரான சாட்சி

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், அவர்களை நேர்மையாகப் பின்பற்றும் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் அடியார்களே! இந்த உரையை எழுத்தில் வாசிக்கும் சகோதர சகோதரிகளே! முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு உபதேசம் செய்கிறேன். தனிமையிலும் அல்லாஹ்வை அஞ்சுங்கள். பேனாவைக் கையில் பிடித்து ஒரு தாளில் கையெழுத்திடும்போதும் அல்லாஹ்வை அஞ்சுங்கள்.

இன்று நாம் பேசப் போவது அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான்.

படிவத்தில் ஒரு கேள்வி

நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் காவல்துறைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். ராணுவத்துக்கும், துணை ராணுவப் படைகளுக்கும், வனத்துறைக்கும், ரயில்வேக்கும் முயற்சி செய்கிறார்கள். கொல்லிமலையின் திருப்புலி நாடு போன்ற மலை ஊராட்சிகளிலிருந்து இந்த வேலைகளுக்குப் போக வேண்டுமென்றால், காலையில் ஓட்டப் பயிற்சி, இரவில் படிப்பு என்று வருடக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு உழைத்து, எழுத்துத் தேர்வும் உடற்தகுதித் தேர்வும் முடித்த பிறகு கடைசியில் ஒரு படிவம் வருகிறது. போலீஸ் வெரிஃபிகேஷன் என்று நாம் சொல்கிறோமே, அதற்கான படிவம்.

அதில் கேட்கிறார்கள்: நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா? உங்கள் மீது வழக்குத் தொடரப்பட்டிருக்கிறதா? அபராதம் விதிக்கப்பட்டிருக்கிறதா? தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா? ஏதேனும் வழக்கு நிலுவையில் இருக்கிறதா? பொய்த் தகவல் தந்தாலோ உண்மையை மறைத்தாலோ அதுவே தகுதி நீக்கத்துக்குக் காரணமாகும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது அரை நிமிட வேலை. எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் ஒரு பிள்ளைக்கு அந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது. பத்தொன்பது வயதில் கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து கஞ்சா புகைத்தான். ஒரு நாள் சட்டைப் பையில் சிறு பொட்டலத்தோடு பிடிபட்டான். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். பிறகு தவ்பா செய்தான், தொழுகைக்கு வந்தான், அந்தக் கூட்டத்தை விட்டான். ஐந்து வருடமாக அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது அவன் என்ன எழுத வேண்டும்? இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம், உங்கள் தெருவிலும் இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம்.

அல்லாஹ் கேட்கும் சாட்சி

சூரத்துன் நிஸாவின் 135-ஆம் வசனத்தில் அல்லாஹ் ஈமான் கொண்டவர்களை அழைத்து, நீதியில் உறுதியாக நிற்கும்படியும், தனக்காகச் சாட்சி சொல்பவர்களாக இருக்கும்படியும் கட்டளையிடுகிறான். அந்தச் சாட்சி நமக்கே எதிராக இருந்தாலும், பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும் என்கிறான். வசனத்தின் வரிசையைக் கவனியுங்கள். பெற்றோரையும் உறவினரையும் சொல்வதற்கு முன்னால் 'உங்களுக்கே எதிராக' என்பதைத்தான் அல்லாஹ் முதலில் வைக்கிறான். அடுத்தவரைப் பற்றி உண்மை பேச நாம் எல்லோரும் தயார். தன்னைப் பற்றி உண்மை பேசும் இடத்தில்தான் ஈமான் சோதிக்கப்படுகிறது.

பெரும் பாவங்களிலேயே மிகப் பெரியவற்றை நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு எண்ணிச் சொன்ன நிகழ்ச்சியை அபூபக்ரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இணைவைப்பையும் பெற்றோரை நோவினை செய்வதையும் சொன்னபோது நபியவர்கள் சாய்ந்து இருந்தார்கள். பொய்ச் சாட்சி என்று வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்து, அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் படும் வேதனையைப் பார்த்துத் தோழர்கள், நிறுத்திக்கொள்ள மாட்டார்களா என்று ஏங்கும் அளவுக்குச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்தச் செய்தி இருக்கிறது.

படிவத்தின் கடைசியில் மேலே சொன்னவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறிக் கையெழுத்திடுகிறோம். அது சாட்சியே. நீதிமன்றக் கூண்டில் நின்று சொன்னால்தான் சாட்சி, காகிதத்தில் எழுதினால் சாட்சி இல்லை என்று நமக்கு யார் சொன்னது?

மறைப்பது மார்க்கம் இல்லையா?

இங்கே உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. "அஜ்ரத், பாவத்தை மறைக்கச் சொல்லித்தானே மார்க்கம் சொல்கிறது? செய்த தவறை ஊருக்குச் சொல்வது பாவம் என்று நீங்கள்தானே பயான் செய்தீர்கள்?" என்று கேட்பீர்கள்.

உண்மைதான். இரவில் ஒருவன் பாவம் செய்கிறான், அல்லாஹ் அதை மூடிவிடுகிறான், விடிந்ததும் அவனே போய் நான் இன்னின்னது செய்தேன் என்று பெருமையாகப் பேசித் திரிகிறான் என்றால், அவன் மன்னிப்பிலிருந்து விலகி நிற்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். மாயிஸ் (ரலி) அவர்கள் தாமாக வந்து தம் பாவத்தை ஒப்புக்கொண்டபோது, நபியவர்கள் உடனே ஏற்காமல் மீண்டும் மீண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அல்லாஹ் உங்கள் மீது போட்ட திரையை நீங்களே கிழிக்கத் தேவையில்லை. பழைய போதைக் கதைகளை நண்பர்களிடம் சுவையாகச் சொல்வதும், அதை வீடியோவாகப் போடுவதும் ஹராம்.

ஆனால் திரை வேறு, பொய் வேறு. இதுதான் இன்றைய உரையின் மையம். நன்றாகப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்.

யாரும் கேட்காதபோது நீங்கள் வாய் மூடியிருப்பது திரை. கேட்க உரிமை இல்லாதவர், டீக்கடையில் பொழுதுபோகாமல் கேட்கும்போது பேச்சை மாற்றுவதும் திரை. ஆனால் உங்களிடம் ஒரு பொறுப்பை ஒப்படைக்கப் போகிறவர், அந்த அமானத்துக்காகவே குறிப்பாக ஒரு கேள்வியைக் கேட்டு, உறுதிமொழியும் வாங்கும்போது, 'ஆம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதுவது திரை அல்ல. அது ஏமாற்றிப் பெறுவது.

சிலர் வார்த்தையில் விளையாடலாமா என்று பார்ப்பார்கள். "வழக்கு இருந்ததா என்று கேட்டார்கள், இப்போது இல்லையே, அதை நினைத்துத்தான் இல்லை என்று எழுதினேன்" என்பார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு ஹதீஸ் இந்தக் கதவை அடைத்துவிடுகிறது. சத்தியம் கேட்பவர் எந்தக் கருத்தில் கேட்கிறாரோ அந்தக் கருத்தின்படியே சத்தியம் கணிக்கப்படும் என்பது அதன் சாரம். அநியாயக்காரனிடமிருந்து ஒரு உயிரைக் காப்பாற்ற இரட்டை அர்த்தத்தில் பேச உலமாக்கள் இடம் தந்தார்கள். சம்பளமும் சீருடையும் பெறுவதற்காக அப்படிப் பேச இடம் தரவில்லை.

சட்டமும் இதையே சொல்கிறது

அன்பர்களே! இந்த விஷயத்தில் நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் 2016 ஜூலை 21 அன்று ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. அவதார் சிங் எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கு. அதுவரை வந்த பல தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்ததால், மூன்று நீதிபதிகள் அமர்வு அவற்றை ஆராய்ந்து நெறிகளை வகுத்தது. அதில் நமக்குத் தேவையானவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: கைதோ, வழக்கோ, விடுதலையோ, தண்டனையோ எதுவாக இருந்தாலும் தரப்படும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். மறைப்பும் கூடாது, பொய்யும் கூடாது.

இரண்டு: இளவயதில் நடந்த சிறிய தவறாக இருந்து, அது தெரிந்திருந்தாலும் அந்தப் பதவிக்குத் தகுதிக்குறைவாகக் கருதப்படாத ஒன்றாக இருந்தால், அதை மறைத்ததைக்கூட நிர்வாகம் தன் விருப்புரிமையில் மன்னிக்கலாம்.

மூன்று: எதைக் குறிப்பாகக் கேட்டார்களோ அதைத்தான் சொல்ல வேண்டும். கேள்வி தெளிவில்லாமல் இருந்தால், கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை என்று ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது.

நான்கு: முடிந்துபோன வழக்கை ஒருவர் நேர்மையாகச் சொல்லிவிட்டாலும், அவருடைய முன்வரலாற்றைப் பார்த்து முடிவெடுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு. வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது.

இதில் மூன்றாவது நெறியைப் பாருங்கள். கேட்டதற்கு உண்மை, கேட்காததற்கு மௌனம். சற்று முன் நாம் மார்க்கத்தின் பார்வையில் பார்த்த அதே எல்லைதான் இது.

2003-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த இன்னொரு வழக்கு. மத்திய அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தவர், தம் மீதிருந்த வழக்கைப் படிவத்தில் சொல்லவில்லை. தாம் இந்தி வழியில் படித்ததால் ஆங்கிலக் கேள்வி புரியவில்லை என்றார். பட்டம் பெற்ற ஒருவர் இப்படிச் சொல்வதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த வழக்கை அரசே பின்னர் திரும்பப் பெற்றிருந்தும் அது அவரைக் காப்பாற்றவில்லை. வழக்கு போய்விட்டது, பொய் மட்டும் நின்றுவிட்டது.

2011-இல் வேறொரு வழக்கு. டெல்லி காவல்துறையில் தலைமைக் காவலர் பணிக்கு ஓர் இளைஞர் விண்ணப்பித்தார். முதல் விண்ணப்பத்தில் வழக்கு இருந்ததா என்ற இடத்தில் இல்லை என்று எழுதிவிட்டார். அது சமரசத்தில் முடிந்து விடுதலையான ஓர் அடிதடி வழக்கு. பின்னால் வந்த சரிபார்ப்புப் படிவத்தில் அவரே அதைச் சொன்னார். இளவயதுத் தவறுகளைப் பெருந்தன்மையோடு பார்க்க வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

இன்னும் ஒரு விவரத்தைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். "ஃபைன் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சுபோச்சு" என்று ஊரில் சொல்கிறோம். 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறு அளவு என்று கணக்கு. அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், சட்டத்தின் பார்வையில் அது தண்டனை பெற்றதாகவே பொருள். 'தண்டிக்கப்பட்டீர்களா' என்ற கேள்விக்கு அங்கே 'இல்லை' என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அதனால் படிவத்தை நிரப்பும் முன் வழக்கின் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். குறிப்பாக, சம்பவம் நடந்தபோது பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் கட்டாயம் பாருங்கள். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 24-ஆம் பிரிவில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனிப் பாதுகாப்பு இருக்கிறது.

உண்மைக்கு விலை உண்டு

உண்மை சொன்னால் எல்லாம் நல்லபடி முடிந்துவிடும் என்று நான் உங்களுக்கு ஆசை காட்டப் போவதில்லை. மிம்பரிலிருந்து அப்படிச் சொல்வதும் ஒரு வகைப் பொய்தான்.

தமிழ்நாட்டில் காவலர் பணிக்கான விதி கடுமையானது. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்ற விதிக்கு ஒரு விளக்கம் உண்டு. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவிக்கப்பட்டவரையும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலையானவரையும்கூட அது குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கணக்கில் எடுக்கிறது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் அந்த விதியின் பக்கமே நின்றது. ஆக, நேர்மையாக எழுதிய பிள்ளைக்கு அந்த வேலை கிடைக்காமலே போகலாம். பல வருட உழைப்பு ஒரு வரியில் போய்விடலாம். இதைத் தெரிந்துகொண்டுதான் அவன் உண்மையை எழுத வேண்டும்.

அப்படி எழுதியவர் ஒருவர் நமக்கு முன்னால் இருக்கிறார். கஅப் இப்னு மாலிக் (ரலி).

ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு, தபூக் போர். கடும் வெயில், நீண்ட பயணம். கஅப் (ரலி) அவர்களிடம் வசதி இருந்தது, வாகனம் இருந்தது, உடலில் வலு இருந்தது. நாளை கிளம்பலாம், நாளை கிளம்பலாம் என்று தள்ளிப்போட்டே தங்கிவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்ததும், போகாமல் தங்கியவர்கள் எண்பதுக்கும் மேற்பட்டோர் வரிசையாக வந்து ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சத்தியம் செய்தார்கள். நபியவர்கள் வெளிப்படையாகச் சொன்னதை ஏற்றுக்கொண்டு, உள்ளத்தை அல்லாஹ்விடம் விட்டுவிட்டார்கள். அவர்களுடைய படிவம் அன்றே ஏற்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கஅப் (ரலி) அவர்கள் பேச்சுத் திறமை உள்ளவர்கள், கவிஞர். உலகத்தில் வேறு யார் முன்னால் உட்கார்ந்திருந்தாலும் ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தப்பித்திருப்பேன் என்று அவர்களே நபியிடம் சொன்னார்கள். இன்று பொய் சொல்லி உங்களைத் திருப்திப்படுத்தினால், நாளை அல்லாஹ் உங்களை என் மீது கோபப்பட வைத்துவிடுவான். உண்மை சொன்னால் இன்று நீங்கள் கோபப்படுவீர்கள், ஆனால் அல்லாஹ்வின் மன்னிப்பை ஆதரவு வைக்கிறேன் என்ற கருத்தில் பேசி, தமக்கு எந்தக் காரணமும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் என்ன நடந்தது தெரியுமா? அவர்களுடைய சொந்தக் குலத்தார் பின்னாலேயே வந்தார்கள். மற்றவர்களைப் போல நீயும் ஒரு காரணம் சொல்லியிருக்கக் கூடாதா, நபி உனக்காகப் பாவமன்னிப்புக் கேட்டாலே போதுமே என்று கடிந்துகொண்டார்கள். திரும்பிப் போய்ப் பொய் சொல்லிவிடலாமா என்று தமக்கே தோன்றும் அளவுக்கு வற்புறுத்தினார்கள் என்று கஅப் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள். பத்ரில் கலந்துகொண்ட முராரா, ஹிலால் என்ற இரண்டு நல்லவர்களும் இதே போல உண்மை சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும்தான் மனம் உறுதியானது.

பிறகு ஐம்பது நாட்கள். யாரும் அவர்களோடு பேசவில்லை. ஸலாம் சொன்னால் பதில் இல்லை. பூமி இவ்வளவு விசாலமாக இருந்தும் அவர்களுக்குச் சுருங்கிப் போனது. பொய் சொன்ன எண்பது பேரும் சந்தையில் சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். உண்மை சொன்ன மூன்று பேர் ஒதுக்கப்பட்டுக் கிடந்தார்கள். நாற்பதாவது நாளில் பார்த்தவர் யாராவது, பொய்தான் லாபம் என்றுதான் சொல்லியிருப்பார்.

ஐம்பதாவது இரவு முடிந்த சுபுஹில் மன்னிப்புச் செய்தி வந்தது. அவர்களுடைய தவ்பா ஏற்கப்பட்டது. சூரத்துத் தவ்பாவின் 118-ஆம் வசனம் இந்த மூவரைப் பற்றியது. அதற்கடுத்த 119-ஆம் வசனத்தில்தான் உண்மையாளர்களோடு இருக்கும்படி அல்லாஹ் நமக்குக் கட்டளையிடுகிறான். பொய்ச் சத்தியம் செய்தவர்களைப் பற்றியும் அதே சூராவின் 95, 96-ஆம் வசனங்கள் பேசுகின்றன. யாருடைய நிலை எப்படி ஆனது என்று வீட்டுக்குப் போய்ப் படித்துப் பாருங்கள். இஸ்லாத்துக்குப் பிறகு அன்று நான் சொன்ன உண்மையைவிடப் பெரிய பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை என்பதே கஅப் (ரலி) அவர்களின் வாழ்நாள் முடிவாக இருந்தது.

வேலை கிடைக்காவிட்டால்?

உண்மை எழுதி, வேலை மறுக்கப்பட்ட பிள்ளையே! உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அபூதர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஒரு பொறுப்பைக் கேட்டார்கள். நபியவர்கள் அவர்களின் தோளில் தட்டி, நீர் இதற்கு வலுவில்லாதவர், இது ஓர் அமானத் என்று விளக்கி மறுத்தார்கள். அபூதரைவிட வாய்மையானவர் உண்டா? மறுக்கப்பட்டதால் அவருடைய மதிப்பு நபியிடம் குறைந்ததா? இல்லை. ஒரு பதவிக்கு யார் என்று தீர்மானிப்பது வேறு, ஒருவர் நல்லவரா என்பது வேறு. படிவம் முதலாவதை மட்டும்தான் பார்க்கிறது. இரண்டாவது அல்லாஹ்விடம் இருக்கிறது.

அதோடு, பொய்யில் கிடைத்த வேலையை நினைத்துப் பார். எத்தனை வருடம் கழித்தும் அந்தக் காகிதம் வெளியே வரலாம். திருமணம் முடிந்து, பிள்ளைகள் பிறந்து, வீட்டுக் கடன் வாங்கிய பிறகு வரலாம். ஒவ்வொரு பதவி உயர்விலும், ஒவ்வொரு மொட்டைக் கடிதத்திலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். உன் ரகசியம் தெரிந்த ஒருவன் உன்னை மிரட்டலாம். அதனால்தான் பாதுகாப்புப் பொறுப்புகளுக்கு ஆள் எடுப்பவர்கள் பழைய தவறைவிட மறைத்த தவறுக்கு அதிகம் பயப்படுகிறார்கள். மறைக்க ஒன்று இருப்பவனை வளைப்பது எளிது.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் அரசு வேலைகளுக்கு எஸ்.எஃப். 86 என்ற படிவம் இருக்கிறது. நம் ஊர்ப் படிவம் வழக்கை மட்டும் கேட்கிறது. அந்தப் படிவம் கடந்த 7 ஆண்டுகளில் போதைப் பொருள் பயன்படுத்தினீர்களா என்றே நேராகக் கேட்கிறது. அந்தக் கேள்விக்குத் தரும் உண்மையான பதிலை உங்களுக்கு எதிரான குற்ற வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்த மாட்டோம் என்றும் அதிலேயே சொல்கிறது. பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறை. 2017-இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய மதிப்பீட்டு நெறிகளில், எவ்வளவு காலத்துக்கு முன் நடந்தது, அதை விட்டுவிட்டாரா, சிகிச்சை பெற்றாரா என்பதெல்லாம் ஒருவருக்குச் சாதகமாகப் பார்க்கப்படுகிறது. தவறாக எழுதியதை, பிறர் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்பே தாமாகத் திருத்தியவருக்கும் அதில் இடம் இருக்கிறது. ஏற்கெனவே பொய் எழுதிவிட்டு உறக்கமில்லாமல் இருப்பவர்களே, வழக்கறிஞரைக் கலந்து, பிடிபடும் முன் நீங்களே திருத்துங்கள். தவ்பாவின் கதவும் அப்படித்தான். உயிர் தொண்டைக்குழிக்கு வரும் முன் தட்ட வேண்டும்.

இரண்டாம் குத்பா

அல்ஹம்து லில்லாஹ், வஸ்ஸலாது வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ்.

பெற்றோர்களே! கஅப் (ரலி) அவர்களைத் திரும்பிப் போய்ப் பொய் சொல்லத் தூண்டியவர்கள் எதிரிகள் அல்ல, பாசமுள்ள சொந்தக்காரர்கள். இன்றும் அப்படித்தான் நடக்கிறது. பிள்ளை உண்மையை எழுதலாமா என்று யோசிக்கும்போது, "யாருக்குத் தெரியப் போகுது, இல்லைன்னு எழுதுடா" என்று முதலில் சொல்வது அத்தாவாகவோ மாமாவாகவோ இருக்கிறது. பாசத்தால்தான் சொல்கிறீர்கள். ஆனால் அந்த வார்த்தையோடு அவனுடைய ஹலாலான சம்பளத்தில் முதல் கல்லையே நீங்கள் கோணலாக வைக்கிறீர்கள். ரிஸ்க் அல்லாஹ்விடம் இருக்கிறது. ஒரு துறை மூடினால் அவன் வேறு துறையைத் திறக்க முடியாதவன் அல்ல.

அக்கம்பக்கத்தாரே! சரிபார்ப்புக்கு வரும் காவலர் உங்களிடமும் விசாரிப்பார். மலையில் ஒருவரை ஒருவர் தெரியாதவர் இல்லை. அப்போது உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். கேள்விப்பட்டதைச் சொல்லாதீர்கள். பழைய வரப்புச் சண்டையை அங்கே தீர்த்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பிள்ளை எந்தச் சமுதாயத்தைச் சேர்ந்தவனாக இருந்தாலும், திருந்தி எத்தனை வருடமாக ஒழுங்காக இருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்வது உங்கள் மீது கடமை. பாதி உண்மையும் ஒரு பொய்ச் சாட்சியே.

ஜமாஅத்தார்களே! ஒரு பிள்ளை உண்மையைச் சொல்லத் துணிந்தால், அவனுக்குத் துணை நிற்பது நம் வேலை. மன்னிப்புச் செய்தி வந்ததும் கஅப் (ரலி) அவர்கள் பள்ளிக்குள் நுழைந்தபோது, தல்ஹா (ரலி) அவர்கள் எழுந்து ஓடி வந்து கைகொடுத்து வாழ்த்தினார்கள். அந்த ஒரு கைகுலுக்கலை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை என்று கஅப் (ரலி) சொன்னார்கள். வேலை போன பிள்ளை பள்ளிக்கு வரும்போது யார் எழுந்து போய்க் கைகொடுக்கப் போகிறீர்கள்? அவனுடைய பழைய கதையை முணுமுணுக்கும் ஜமாஅத்தில், அடுத்த பிள்ளை எப்படி உண்மை சொல்வான்? நாம்தான் அவனைப் பொய்க்குப் பழக்குகிறோம்.

இன்னும் போதையில் இருப்பவர்களே! கஞ்சாவாகட்டும், மாத்திரையாகட்டும், ஊசியாகட்டும், போதை தருவது எல்லாம் ஹராம் என்பது நபி (ஸல்) அவர்களின் தெளிவான சட்டம். ஆனால் உங்களை விரட்ட நான் இதைச் சொல்லவில்லை. போதைப் பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், வழக்குத் தொடரப்படுவதிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. 14446 என்ற இலவச எண்ணில் தேசிய உதவி மையம் இருக்கிறது. இன்றே பேசுங்கள். நாளைக்கு ஒரு படிவம் உங்களைக் கேட்கும் முன், உங்கள் உடலே உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கடைசியாக அபூமிஹ்ஜன் (ரலி) அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். மதுவுக்காகப் பலமுறை தண்டிக்கப்பட்டவர். காதிஸிய்யா போரில் ஸஅத் (ரலி) அவர்கள் அவரைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். போர் முழக்கம் கேட்டுத் தாங்காமல், ஸஅதின் மனைவியிடம், என்னை அவிழ்த்து விடுங்கள், உயிரோடு திரும்பினால் நானே வந்து விலங்கைப் பூட்டிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். ஸஅதின் குதிரையில் ஏறிப் போய்க் கடுமையாகப் போரிட்டார். போர் ஓய்ந்ததும் சொன்னபடி திரும்பி வந்து, தானே விலங்கில் காலை வைத்தார். விவரம் தெரிந்ததும் ஸஅத் (ரலி) இனி உம்மைத் தண்டிக்க மாட்டேன் என்றார்கள். அவரும் இனி மதுவைத் தொட மாட்டேன் என்று விட்டுவிட்டார் என வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அவரிடம் மதுவின் கறை இருந்தது. ஆனால் வாக்கு சுத்தமாக இருந்தது. அந்த வாக்கைப் பிடித்துத்தான் அவர் மேலே ஏறினார்.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒன்றையும் தாண்டிக் குதித்து மேலே வர முடியாது. உண்மையின் பாதையும் அப்படித்தான். நேரமாகும், தலை சுற்றும், ஆனால் ஊர் வந்து சேரும்.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளையும் பேனாக்களையும் பொய்யிலிருந்து காப்பாற்று. நாங்கள் செய்த பாவங்களை உன் திரையால் மூடி, உன் கருணையால் அழித்துவிடு. எங்கள் பிள்ளைகளைப் போதையின் கையிலிருந்து மீட்டுக் கொடு. உண்மை சொல்லி இழந்தவர்களுக்கு, அவர்கள் இழந்ததைவிடச் சிறந்ததைக் கொடு. பொய்யில் சிக்கியவர்களுக்கு அதைத் திருத்தும் துணிவைக் கொடு. எங்களுக்கே எதிராக இருந்தாலும் உனக்காகச் சாட்சி சொல்லும் கூட்டத்தில் எங்களைச் சேர்த்துவிடு. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.